எந்தப் படியிலிருந்து எண்ணுவது?

தம்பிக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கப் போனேன். அவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மகன் செந்தில் ஆஸ்பத்திரி ஃபைலைச் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். பில் என்று எதைக் கண்டாலும் டிக் அடித்துத்தான் படிப்பான்.

"வாங்க பெரியப்பா. இதப் பாருங்க. ஸ்டென்ட்டுக்கு முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கு. மொத்த பில் ரெண்டு லட்சத்தத் தாண்டுது. ஸ்டென்ட்டுக்கு கவர்ன்மென்ட் வெல வெச்சிருச்சுன்னாங்களே, எத வெச்சுச்சு?"

நான் முப்பது வருஷம் மெடிக்கல் ரெப். கடைசி ஆறு வருஷம் மருந்தை விட்டுவிட்டு, ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப்களுக்குச் சாமான் சப்ளை செய்த ஒரு ஸ்டாக்கிஸ்ட்டிடம் இருந்தேன். அதனால் எங்கள் வகையறாவில் யாருக்கு ஆஸ்பத்திரி பில் வந்தாலும் கடைசியில் என் கண்ணாடிக்கு முன்னால்தான் வந்து நிற்கும். செந்தில் மனைவி கோமதி டீ போட எழுந்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

ஃபைலின் மூன்றாவது தாளில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டென்ட் வந்த பெட்டியிலிருந்து உரித்து ஒட்டியது, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. கம்பெனி பெயர், விட்டம் 3 மில்லிமீட்டர், நீளம் 28, லாட் எண், காலாவதி மாதம், லைசென்ஸ் எண், எம்ஆர்பி. எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. ஆனால் இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் தில்லியில் ஒரு மேஜை இருக்கிறது. அந்த மேஜையில் ஒரு பக்கம் அதிகாரிகள், மறுபக்கம் கம்பெனிக்காரர்கள். எம்ஆர்பியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். பில்லைப் பார்த்து வந்த கோபம் அங்கேதானே இருக்கிறது.

2017க்கு முன்னால் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் சராசரி எம்ஆர்பி 1,21,400 ரூபாய். மருந்து பூசாத வெறும் உலோக ஸ்டென்ட் 45,100. பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஸ்டென்ட் எப்படி மருந்தாகும் என்று கேட்கக் கூடாது. சட்டத்தின் கண்ணுக்கு அது மருந்துதான். 2017 பிப்ரவரி 13 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலையை அறிவித்தது. மருந்து பூசியது 29,600. பூசாதது 7,260. மறுநாள் காதலர் தினம். இதயத்துக்குத் தோதான தேதிதான்.

"ஒரு லட்சத்து இருபதாயிரம் ஒரே நாள்ல முப்பதாயிரமா? அப்ப கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா?"

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். சோப்பு விற்கிறவன் போட்டி வந்தால் விலையைக் குறைப்பான். ஸ்டென்ட் விற்கிறவன் போட்டி வந்தால் எம்ஆர்பியை ஏற்றுவான். சோப்பை வாங்குகிறவனே தேர்ந்தெடுக்கிறான், அவனே காசு கொடுக்கிறான். ஸ்டென்ட்டைத் தேர்ந்தெடுப்பது டாக்டரும் ஆஸ்பத்திரியும். காசு கொடுக்கிறவன் மேஜையில் படுத்துக் கிடக்கிறான். இரண்டு கம்பெனிகளும் ஆஸ்பத்திரிக்கு முப்பதாயிரத்துக்குத்தான் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள். ஒருவன் பெட்டியில் அறுபதாயிரம் என்று அச்சடிக்கிறான், இன்னொருவன் ஒரு லட்சம் என்று அச்சடிக்கிறான். ஆஸ்பத்திரிக்கு எதில் லாபம்? அச்சடித்த விலை கூடக் கூட சரக்கு நகரும். எங்கள் ஸ்டாக்கிஸ்ட் ஆபீசில் புதுச் சரக்கு வந்தால் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எம்ஆர்பி எவ்வளவு போட்டிருக்கான்?" என்பதுதான். தரத்தைப் பற்றி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதை ஆணையம் எப்படிக் கண்டுபிடித்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. விலை வைப்பதற்கு முன்னால் கம்பெனிகளிடமே கணக்குக் கேட்டது. இறக்குமதியாகும்போது என்ன விலை, ஸ்டாக்கிஸ்ட்டுக்கு என்ன விலை, ஆஸ்பத்திரிக்கு என்ன விலை, நோயாளிக்கு என்ன விலை. வந்த கணக்கை அலமாரியில் பூட்டாமல் 2017 ஜனவரியில் வெளியே போட்டது. ஆஸ்பத்திரி படியில் மட்டும் சில இடங்களில் 650 சதவீதத்தைத் தாண்டி லாபம் ஏறியிருந்தது. அதுவரை கூட்டங்களில் 'ஆராய்ச்சிச் செலவு', 'உலகத் தரம்' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. மாத்திரைகளுக்கு வழக்கமாக, சந்தையில் ஓடும் பிராண்டுகளின் சராசரி விலையை எடுத்து, சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் சேர்த்து உச்ச விலை வைப்பார்கள். ஊதிப் பெருத்த ஸ்டென்ட் விலைக்குச் சராசரி எடுத்திருந்தால் அந்த ஊத்தத்துக்கே சர்க்கார் முத்திரை விழுந்திருக்கும். அதனால் கீழ்ப் படியிலிருந்து எண்ணி, வியாபார லாபம் 8 சதவீதம் என்று முடித்தார்கள்.

அதன் பிறகு மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி ஏறியும், நடுவில் 2018 பிப்ரவரியில் ஒருமுறை 27,890க்கு இறங்கியும், 2025 ஏப்ரலில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலை 38,933 ரூபாய் ஆனது. செந்திலின் பில்லில் இருக்கும் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் இதுதான். டிக் அடித்துக்கொண்டான்.

"அப்ப மீதி ஒன்றரை லட்சம்?"

கேத் லேப் கட்டணம், டாக்டர் ஃபீஸ், ஐசியு, பலூன், கைடு வயர், கத்தீட்டர். ஸ்டென்ட்டுக்குக் கூரை போட்டார்கள். அதை உள்ளே கொண்டுபோகும் பலூனுக்குப் போடவில்லை. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டதால், பலூனின் எம்ஆர்பியை வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆனால் முதலில் என்ன விலை அச்சடிப்பது என்பது அச்சடிக்கிறவன் இஷ்டம். 2017 மார்ச்சில் எனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியின் புதிய கட்டணப் பட்டியலைப் பார்த்தேன். ஸ்டென்ட் வரி கீழே இறங்கியிருந்தது, கேத் லேப் வரி மேலே ஏறியிருந்தது. கூட்டிப் பார்த்தால் பழைய தொகைக்குப் பக்கத்தில்தான் நின்றது. அதற்காக உச்ச விலை வைத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். பாதி வேலை நடந்தது என்று சொல்வேன். ஒன்று மட்டும் நல்லதாக நடந்தது. அந்த உத்தரவில்தான், ஸ்டென்ட்டின் விலையைப் பிராண்டு, கம்பெனி, பேட்ச் எண் எல்லாவற்றோடும் பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் 'பேக்கேஜ்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். செந்தில் பென்சில் வைத்துத் தேட ஒரு வரியே இருந்திருக்காது.

டீ வந்தது. கோமதி எனக்குச் சர்க்கரை இல்லாமல் போட்டிருந்தாள், கேட்காமலே.

"கம்பெனிக்காரங்க சும்மா இருந்தாங்களா?" என்றாள்.

இருப்பார்களா? சில வெளிநாட்டுக் கம்பெனிகள், இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது, எங்கள் உயர்ரகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று விண்ணப்பம் போட்டன. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள பொருளை நினைத்த மாதிரி நிறுத்த முடியாது. ஆறு மாதம் முன்னால் அறிவிக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டு மாற்று உபகரணத்துக்கும் உச்ச விலை வந்தது. அதிகம் போடப்படும் கோபால்ட் குரோமியம் வகை ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்ததிலிருந்து 54,720க்கு வந்தது. அமெரிக்கக் கருவிக் கம்பெனிகளின் சங்கம் அவர்கள் நாட்டு வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்திடம் மனுக் கொடுத்தது. பால் பொருள்காரர்களும் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு இருந்த இறக்குமதி வரிச் சலுகையை அமெரிக்கா 2018இல் ஆராயத் தொடங்கியதற்கு இந்த மனுக்கள் இரண்டும் காரணம். 2019 ஜூன் 5 அன்று சலுகை போயிற்று. மேஜை தில்லியில் இருந்தாலும், அதன் ஒரு கால் வாஷிங்டனில் ஊன்றியிருந்தது.

செந்தில் பென்சிலைக் காதில் செருகினான். "அப்ப ரெண்டு பேரும் எதிராளிங்கதானே பெரியப்பா. தொழில்துறையோட கலந்து பேசிக் கொள்கை வகுத்தோம்னு பேப்பர்ல போடறாங்களே, அது யாரோட?"

கெட்டிக்காரன். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 'தொழில்துறை' என்று ஒரு ஆள் கிடையாது. இறக்குமதி செய்கிறவன் ஒருவன். இங்கேயே தயாரிக்கிறவன் ஒருவன். நடுவில் ஸ்டாக்கிஸ்ட். கடைசியில் ஆஸ்பத்திரி, அதுவும் வியாபாரம்தான், ஆனால் கூட்டத்தில் மட்டும் நோயாளி சார்பில் பேசும். ஒருவன் கேட்பது இன்னொருவன் கழுத்துக்குக் கத்தி. இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன் என்று கோமதியிடம் பிபி மிஷினை எடுத்துவரச் சொன்னேன்.

கொரோனா இரண்டாம் அலையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்ன விலைக்கு விற்றது என்று இந்த வீட்டுக்குத் தெரியும். 2,400 ரூபாய் கொடுத்து வாங்கியதை அடுத்த வருஷம் 700க்குப் பார்த்தேன். 2021 ஜூன் மாதம் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கும், ஜூலையில் ஆக்ஸிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, பிபி மிஷின், நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் ஆணையம் வேறு மாதிரி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இங்கே உச்ச விலை இல்லை, உச்ச லாபம். முதல் ஸ்டாக்கிஸ்ட்டுக்குக் கம்பெனி கொடுக்கும் விலைக்கு மேல் 70 சதவீதம்தான் ஏற்றலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. ஆயிரத்துக்குக் கொடுத்தால் எம்ஆர்பி ஆயிரத்து எழுநூறைத் தாண்டக் கூடாது. அதற்கு முன்னால் இந்த ஐந்து கருவிகளில் இந்த லாபம் 3 சதவீதத்திலிருந்து 709 சதவீதம் வரைக்கும் இருந்ததாக அரசே சொன்னது.

எழுபது சதவீதம் நியாயமா இல்லையா என்பதை விடு. 'ஸ்டாக்கிஸ்ட்டுக்குக் கொடுக்கும் விலை' என்ற சொல்லைப் பார்.

செந்தில் பார்த்தான். அவன் முகத்தில் தெரிந்தது, பிடித்துவிட்டான். "வெளிநாட்டுல இருந்து வர்ற சாமானுக்கு, இங்க இருக்கற அவங்க கம்பெனியே நடுவுல ஒரு லாபம் வெச்சுட்டு அப்புறம் ஸ்டாக்கிஸ்ட்டுக்குக் கொடுத்தா, அந்த லாபம் இந்தக் கணக்குல வராதே?"

வராது. துறைமுகத்தில் நானூறுக்கு இறங்கிய பொருளை இறக்குமதிக் கம்பெனி ஆயிரத்துக்கு ஸ்டாக்கிஸ்ட்டிடம் தள்ளலாம். அதன் மேல் எழுபது. உள்ளூர்த் தயாரிப்பாளர் சங்கம் இதைத்தான் பல வருஷமாகச் சொல்லிவந்தது: துறைமுகத்தில் இறங்கும் விலையிலிருந்து எண்ணுங்கள். இறக்குமதிக்காரர்கள், பயிற்சி, சர்வீஸ், கிடங்குச் செலவு எல்லாம் அதற்கப்புறம்தான் எங்களுக்கு வருகிறது, ஆகவே ஸ்டாக்கிஸ்ட் விலையிலிருந்து எண்ணுங்கள் என்றார்கள். இரண்டு தரப்பும் தொழில்துறை. இரண்டு தரப்பும் கலந்து பேசியவர்கள். கடைசியில் உத்தரவில் ஸ்டாக்கிஸ்ட் விலை என்று வந்தது. பேப்பரில் எழுபது சதவீதம் என்பதுதான் தலைப்பு. சண்டை அதில் நடக்கவில்லை, எந்தப் படியிலிருந்து எண்ணுவது என்பதில் நடந்தது. முனைக் கடையில் டீ விலையைக் கட்டுப்படுத்துகிறேன் என்று வந்து, பால்காரனிடமிருந்து எண்ணுவதா, பால் வாங்கி விற்கும் கடைக்காரன் மச்சானிடமிருந்து எண்ணுவதா என்று கேட்கிற மாதிரி.

உள்ளூர்க்காரன் சொல்வதால் அது தர்மம் என்றும் எண்ண வேண்டாம். அதே சங்கம் இறக்குமதிக்கு வரி கூட்டு என்றும் கேட்கும். 2020 பட்ஜெட்டில் இறக்குமதிக் கருவிகள் மேல் ஐந்து சதவீத சுகாதார செஸ் வந்தது. நாட்டில் பயன்படும் கருவிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும்போது அந்த ஐந்து யார் தலையில் விழும்? மேஜைக்கு வருகிற எல்லாருடைய பையிலும் ஒரு கணக்கு இருக்கும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கை மேஜை மேல் வை, ஊர் பார்க்கட்டும் என்று கேட்கிற அதிகாரி இருக்கிறாரா என்பதுதான் விஷயம். 2017 ஜனவரியில் இருந்தார்கள்.

கோமதி ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தாள். "சூரத்துன்னு போட்டிருக்கு மாமா. நம்ம ஊர்ல செஞ்சதா? நல்லா இருக்குமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் இன்னொரு டீ கேட்டேன்.

சூரத்தில் வைரம் அறுக்கும் லேசர் மிஷின் செய்துகொண்டிருந்த ஒரு குழுமம், அதே லேசரால் முடி கனத்துக்கு உலோகக் குழாயை வலை மாதிரி அறுக்க முடியுமே என்று ஸ்டென்ட்டுக்கு வந்தது. ஸ்டென்ட் என்பது அடிப்படையில் அதுதானே. அதில் சர்க்கார் யோசனை ஒன்றும் இல்லை, லேசர் மிஷின்காரரின் புத்தி. சர்க்காரும் தொழிலும் உண்மையிலேயே ஒரே நுகத்தில் பூட்டிய கதை வேண்டுமென்றால் திருவனந்தபுரம் போக வேண்டும்.

அங்கே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆய்வு நிலையம். மத்திய அரசின் நிறுவனம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் எழுபதுகளின் கடைசியில் செயற்கை இதய வால்வு செய்யத் தொடங்கினார்கள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டுப்போன ஏழைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லை. இதய வால்வு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை திறந்து மூடும். பல வருஷம் அப்படியே நடக்க வேண்டும். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒருமுறை நீலக்கல் படிகத்தில் செய்த தட்டே உடைந்துபோனது. நான்காவது மாதிரியில், ஒரே கோபால்ட் குரோமியக் கட்டியிலிருந்து கடைந்த கூட்டுக்குள் கெட்டியான பாலிஎதிலீன் தட்டை வைத்தார்கள். அது நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

இதுவரை ஆய்வகத்தின் பாடு. இனிமேல் ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல் ஒன்று, பிசகில்லாமல் செய்ய வேண்டும். அது ஆராய்ச்சியாளர் வேலை இல்லை. குக்கருக்குப் பெயர் போன சென்னை டிடிகே குழுமம் தொழில்நுட்பத்தை வாங்கித் தயாரிப்பில் இறங்கியது. யோசித்துப் பார். நாட்டில் அதுவரை யாரும் செய்யாத பொருள். ஒன்று உடைந்தாலும் ஒரு உயிர், அதோடு கம்பெனி பெயரும் போகும். தோற்கும் செலவைப் பத்துப் பன்னிரண்டு வருஷம் சர்க்கார் தாங்கியது. அதற்குப் பிறகு வரும் ஆபத்தைக் கம்பெனி தாங்கியது. இன்றைக்கு டிடிகே சித்ரா வால்வு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களில் போய்விட்டது. இரத்தப் பைக்கும் அதே நிலையத்திலிருந்து ஒரு கேரளக் கம்பெனிக்கு இப்படித்தான் கைமாறியது. சேர்ந்து வேலை செய்வது என்றால் எனக்கு இதுதான். விலையும் வரியும் பேசும் மேஜை வேறு, ஆட்டின் நெஞ்சில் வால்வை வைத்துப் பார்த்துவிட்டுக் கூடிப் பேசும் மேஜை வேறு.

இப்போது வேறு வழி. 2020இல் மத்திய அரசு 3,420 கோடியில் ஒரு திட்டம் போட்டது: ஸ்கேன், புற்றுநோய்க் கதிர்வீச்சு, மயக்கவியல், உள்வைப்புக் கருவிகள் இங்கே செய்தால், கூடுதல் விற்பனையில் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை. நான்கு மாநிலங்களில் கருவிப் பூங்கா, நமக்கு ஒரகடத்தில். 2023 ஏப்ரலில் தேசிய மருத்துவக் கருவிக் கொள்கை வந்தது; 1,100 கோடி டாலர் சந்தையை 2030க்குள் 5,000 கோடி ஆக்குவோம் என்றது. நிலம், மின்சாரம், பரிசோதனைக்கூடம் எல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் விற்றதற்கு ஐந்து சதவீதம் கொடுப்பது ஜெயித்தவனுக்குக் கொடுக்கும் பரிசு. வலியத்தானுக்கு மூன்று முறை தோற்கப் பணம் கிடைத்தது.

"இந்தக் கொள்கையெல்லாம் சுகாதாரத் துறையா பெரியப்பா?"

இல்லை. லைசென்ஸ் கொடுப்பது சுகாதார அமைச்சகம். விலை வைப்பதும் தொழிற்கொள்கையும் ரசாயனம் மற்றும் உரத்துறை அமைச்சகம். உன் அப்பா நெஞ்சில் இருக்கிற கம்பி யூரியாவோடு ஒரே அமைச்சகத்தில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டு உத்தரவு 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் வருவது. மண்ணெண்ணெயும் அரிசியும் இருக்கிற அதே சட்டம். செந்தில் வாய்விட்டுச் சிரித்தான். உள்ளறையிலிருந்து தம்பி இருமினான். இருமும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறான். ஸ்டென்ட் வைத்த இடம் அங்கே வலிக்காது என்று சொன்னால் நம்புவதில்லை.

கடைசியாக லாட் எண். ஸ்டிக்கரில் பார்க்க ஒன்றுமில்லாத வரி, எனக்கு இதுதான் முக்கியம். 2005 வரை இந்தியாவில் ஸ்டென்ட்டுக்குக் கேள்வி கேட்பார் கிடையாது. ஊசி, சிரிஞ்சு போல ஒன்றிரண்டைத்தான் சட்டம் தொட்டது. அந்த ஆண்டு ஸ்டென்ட், வால்வு, கண் லென்ஸ் என்று பத்து வகையைச் சேர்த்தார்கள். 2017 விதிகள் எல்லாக் கருவிகளையும் ஆபத்தை வைத்து ஏ, பி, சி, டி என நான்காகப் பிரித்தன. ஸ்டென்ட் டி, ஆபத்து அதிகமுள்ள வகை. லைசென்ஸ் தில்லியிலிருந்துதான் வர வேண்டும். கருவியால் தீங்கு வந்தால் பதிவு செய்ய 2015 ஜூலையிலிருந்து காசியாபாத்தில் மையம் வைத்து ஒரு கண்காணிப்புத் திட்டம் ஓடுகிறது. நாளைக்கு ஒரு குறிப்பிட்ட பேட்ச்சைத் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவிப்பு வந்தால், அது நம்முடையதா என்று சொல்ல இந்த ஒரு எண்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி பதிவேடு இருக்கும்தான். பத்து வருஷம் கழித்து அந்த ஆஸ்பத்திரி இருக்குமா?

செந்தில் பில்லையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்தான். சரியாக இருந்தது. நான் அந்த பில் தாளை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, பெட்ரோல் பங்க்கில் தருகிற மாதிரித் தாள்.

"இது வெளுத்துரும்டா. ஆறே மாசத்துல வெள்ளைத் தாளாயிடும். ஸ்டிக்கர் பக்கமும் சேத்து ரெண்டு காப்பி எடு. ஒண்ணு எங்கிட்ட குடு."

"ஞாயித்துக்கெழமை பெரியப்பா, ஜெராக்ஸ் கடை சாயந்தரம்தான் தொறப்பான்."

போனை எடுத்து இரண்டு பக்கத்தையும் படம் பிடித்தான். லாட் எண்ணில் டியூப்லைட் பட்டுப் பளிச்சென்று அடித்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி எடுத்தான்.